நான் கடைந்த புல்லியில் சுற்றிய புளூஸ்

ஈப்போவில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் வீட்டுக்கு அஸ்திவாரம் வெட்டியவனும் நான்தான், செங்கல் அடுக்கியவனும் நான்தான். கொத்தனார் ஒருவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல், "யாருண்ணே கட்டுனது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். தாப்பாவிலிருந்து மலை ஏறும்போது பாதி வழியில் நின்றுபோன பேருந்துகள் எத்தனையோ நான் லேத்தில் கடைந்த உறுப்புகளை மாட்டிக்கொண்டு மறுபடி ஏறியிருக்கின்றன. சிலிம் ரிவர் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில் கோயில் தேரின் அச்சு முறிந்தபோது, திருவிழாவையே தள்ளிவைக்கலாமா என்று பெரியவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பழைய லாரி அச்சு ஒன்றை அறுத்து மூன்றாம் நாள் தேரை ஓடவைத்தேன். மூன்று சீன முதலாளிகள் என்னை வேலையை விட்டுத் துரத்தினார்கள். மூன்று பேருமே பிற்காலத்தில் கெட்டுப்போன இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார்கள். நான்கு பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பினேன். என் படிப்பு நான்காம் வகுப்பு. உண்மையைச் சொன்னால் நான்காம் வகுப்பில் பாதி.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். நான் எழுத உட்கார்ந்தது ஊருக்குத் தெரியாத ஒன்றுக்காக.

போன மாதம் ஈப்போவில் இசைப் பிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு வந்த காலத்தில் பியானோ வாசித்துக்கொண்டே பாடி, பின்னால் வந்த எத்தனையோ பேருக்கு வழி காட்டிய ஓர் அமெரிக்கக் கறுப்பின புளூஸ் கலைஞரைப் பாராட்டும் நிகழ்ச்சி அது. அதற்கென்று ஒரு சிறு புத்தகமும் போட்டார்கள். அதில் பதினோராம் பக்கம் முழுவதும் என் நண்பரைப் பற்றியது. அந்தக் கலைஞரின் பாட்டுகளை இந்த ஊரில் பல வருடங்களாக வாசித்து வருபவர் அவர்தான். அந்தப் பக்கத்தில் ஒரு வாக்கியம் இப்படி இருக்கிறது: "அசல் பதிவைவிட ஒன்றரைக் கட்டை இறக்கி, நிதானமாக வாசிக்கும் இந்த முறை முழுக்க இவருடைய சொந்தச் சிந்தனை, இதை இவர் யாரிடமும் கற்கவில்லை."

அந்த வாக்கியம் தவறு. எப்படித் தவறு என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதில் விடுபட்ட ஆள் நான். புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறதாம். அதற்குள் நடந்ததை எழுதிவிட வேண்டும். என் பெயர் போடாத புத்தகத்தைப் பற்றிப் பேசுவதால் நானும் இதில் ஒருவர் பெயரையும் போடவில்லை. அந்தப் பெரிய கலைஞரின் பெயர் உலகம் முழுவதும் அச்சாகியிருக்கிறது. அதற்கு என் உதவி தேவையில்லை.

நான் பட்டறை தொடங்கிய புதிது. பிறந்த தோட்டம் கைமாறிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வாரத்தில், அவர்களுடைய கிளப்பில் தண்ணீர் பம்பு நின்றுவிட்டது என்று ஆள் அனுப்பினார்கள். போய்ச் சரிசெய்து கொடுத்தேன். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, நாங்கள் கிராணியார் என்று சொல்வோம், ஒரு மூலையைக் காட்டினார். பாட்டுப்பெட்டி ஒன்றும் பத்துப் பன்னிரண்டு இசைத்தட்டுகளும் தூசியில் கிடந்தன.

"தூக்கிட்டுப் போறியா? இல்லாட்டி நாளைக்கி எரிச்சிருவோம்."

"ஓடுமாங்க ஐயா?"

"ஓடுனா நான் ஏன்டா ஒனக்குத் தாரேன்?"

கொண்டுவந்து பிரித்துப் பார்த்தேன். மோட்டார் நல்ல மோட்டார். ஆனால் அதன் முனையில் இருந்த சின்னப் புல்லி நொறுங்கிப் பொடியாகியிருந்தது. ஏதோ மட்டமான உலோகத்தில் வார்த்தது, நம் ஊர் ஈரத்துக்குத் தாங்கவில்லை. அந்தப் புல்லியிலிருந்து ஒரு ரப்பர் வார் போய்த் தட்டைச் சுற்ற வேண்டும். வாரும் மெழுகுபோல உருகிக் கிடந்தது. மோட்டார் சைக்கிள் டியூபில் வளையம் அறுத்து வாரைச் செய்துவிட்டேன். புல்லிக்கு அளவு ஏது? பொடியை எப்படி அளப்பது? பித்தளைத் துண்டு ஒன்றை லேத்தில் மாட்டி, கண்ணளவில் கடைந்தேன். அந்த வயதில் என் கண்ணளவு தப்பியதே இல்லை. தட்டு சுற்றியது, பாட்டு வந்தது. உதவிக்கு ஒரு ஆள் இல்லை, புத்தகம் இல்லை. அன்றைக்கு நான் பட்ட பெருமையை இப்போதும் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.

தட்டுகளில் பெரும்பாலானவை வெள்ளைக்காரர்கள் ஜோடி சேர்ந்து ஆடும் இசை. இரண்டு தட்டு முழுக்கப் பை வைத்து ஊதும் வாத்தியம், ஆடு ஒன்று நெடுநேரம் அழுவதுபோல. கடைசியில் ஒரு தட்டு இருந்தது. நடுவில் ஒட்டியிருந்த தாளைக் கறையான் தின்றிருந்தது. மிச்சமிருந்த இடத்தில் கிளப்பின் ஊதா முத்திரை. யார் பாடியது, என்ன பாட்டு, ஒன்றும் தெரியாது. முள்ளை வைத்தேன். பியானோ, கூடவே ஒரு ஆண் குரல். வேறு யாருமில்லை.

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த இடது கை! தோட்டத்தில் ரப்பர் பால் சேரும் ஸ்டோரில் ஷீட் உருட்டும் இயந்திரத்தில்தான் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த உருளைகள் சுற்றும்போது காலடியில் தரை ஒரே சீராக அதிரும். மனிதன் அசந்தாலும் அது அசராது. இந்த மனிதரின் இடது கை அப்படி உருண்டது. வலது கையோ அதற்குக் கட்டுப்படவே இல்லை. தகரக் கூரையில் மழை தொடங்கும்போது முதலில் நாலு துளி, பிறகு ஒன்றுமில்லை, பிறகு ஒரேயடியாக. இரண்டு கைக்கும் நடுவில் குரல் கொஞ்சம் தாமதமாக வந்து உட்காரும். கனமான, ஆழமான குரல். ஒரு உடம்புக்குள் மூன்று பேர் மூன்று வேகத்தில் எப்படி இருக்க முடியும்? இயந்திரக்காரனுக்கு இப்படி ஒரு கேள்வி வந்துவிட்டால் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டான்.

பாட்டை எப்படிப் பிரிப்பது? நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மேசையில் நட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டேன். இடது கை ஒரு சுற்று உருண்டு முடியும்போதெல்லாம் ஒரு நட்டைத் தள்ளினேன். பன்னிரண்டாவது நட்டைத் தள்ளியதும் பாட்டு தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. அடுத்த பாட்டிலும் பன்னிரண்டு. அதற்கடுத்த பாட்டிலும் பன்னிரண்டு. ஐந்தாவது நட்டில் இடது கை வேறு இடத்துக்கு ஏறுகிறது, ஏழாவதில் வீட்டுக்கு வருகிறது, ஒன்பதாவதில் இன்னும் உயரமான இடத்துக்குப் போய்ப் படிப்படியாக இறங்குகிறது. புளூஸ் என்ற சொல்லையே நான் அப்போது கேட்டதில்லை. பன்னிரண்டு என்பது அந்த இசையின் இலக்கணமென்று படித்தவர்கள் எனக்குச் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே நட்டு எனக்குச் சொல்லிவிட்டது. பாட்டைப் போட்டுவிட்டு நான் நட்டு நகர்த்துவதைப் பார்த்த லாரிக்காரர்கள், "அண்ணனுக்கு தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில ஒரு கட்டில் சொல்லி வைக்கலாமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பெயர் தெரியாத பாடகருக்கு நான் ஒரு பெயர் வைத்தேன், பன்னிரண்டண்ணன்.

என் வீட்டுக்காரி மட்டும் அந்தப் பெட்டியை முதல் வாரமே வெறுத்துவிட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து தமிழ்ப் படப் பாட்டுத் தட்டு ஒன்றை ஆசையாக வாங்கி வந்து போட்டாள். சற்று நேரம் கேட்டாள்.

"இங்க பாருங்க, பாடுறது பொம்பளையா ஆம்பளையா?"

"பொம்பளதான். தட்டு மழையில நனைஞ்சிருக்கும்."

"தட்டு நனைஞ்சா பொம்பளைக்கு மீசை மொளைக்குமா?"

அவள் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வானொலிக்குப் போய்விட்டாள். நான் பக்கத்து வீட்டுக்காரரின் தட்டைத்தான் குறை சொன்னேன். என் கை வேலையில் குறை இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது நண்பருக்கு வருகிறேன். அவர் தாப்பாக்காரர், கிறிஸ்துவர். ஈப்போவில் ஒரு இரும்புச் சாமான் கடையில் குமாஸ்தா வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பார். காலால் மிதித்துக் காற்றடிக்கும் பழைய ஆர்கன். அதன் துருத்தி கிழிந்துபோய் என்னிடம் கொண்டுவந்தார். நான் தோலை ஒட்டிக்கொண்டிருந்தபோது தட்டு ஓடிக்கொண்டிருந்தது. பேசிக்கொண்டிருந்த ஆள் எழுந்து பெட்டிப் பக்கம் போனார்.

"மச்சான், இது யாரு?"

"பன்னெண்டண்ணே."

"எந்த ஊரு?"

"தட்டுல கறையான் ஊருதான் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை போடேன்" என்றார். ஆர்கன் சரியாகிவிட்டது. அவர் போகவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு நேரே பட்டறைக்கு வருவார். அந்த இடது கையைத் தன் கைக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவருக்கு வெறி. பட்டறையில் பியானோ ஏது? மேசைப் பலகையில் சுண்ணக்கட்டியால் கட்டைகளை நான் வரைந்தேன். கறுப்புக் கட்டைகளுக்கு இன்ஜின் எண்ணெய் தடவினேன். அவர் பலகையில் விரல் பழகுவார். சுருதி பார்க்கப் பையில் ஒரு மௌத்தார்கன். என் வேலை முள்ளைத் தூக்குவது. இரண்டு சுற்று ஓடியதும் தூக்கி, கீறாமல், அதே கோட்டில் திரும்ப வைக்க வேண்டும். ஒரு மதியத்தில் நூறு முறை தூக்கியிருப்பேன். ஒருமுறையும் தட்டு கீறவில்லை. அவருடைய இடது சுண்டுவிரலுக்கு வலு போதவில்லை என்று கண்டுபிடித்தவனும் நான்தான். இன்ஜினிலிருந்து கழற்றிய வால்வு ஸ்பிரிங் ஒன்றைக் கொடுத்து, கடையில் சும்மா இருக்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னேன். மூன்று மாதத்தில் அந்த விரல் ஆணிபோல் ஆனது. பலகையில் பழகியதை வார நாட்களில் தேவாலயத்துக் கூடத்துப் பியானோவில் வாசித்துப் பார்ப்பார். போதகர் ஒருநாள் எட்டிப் பார்த்து இது எந்தப் பாமாலை என்று கேட்டாராம். இன்னும் வார்த்தை எழுதவில்லை ஐயா என்று சொல்லித் தப்பித்தாராம்.

எனக்கு ஆங்கிலம் எட்டாது. பாட்டின் பொருளை அவர்தான் சொல்வார்.

"பொண்டாட்டி இவரு பெட்டிய எடுத்துட்டுப் போயிட்டாளாம்."

"அடுத்த வரி?"

"அதே வரிதான். பெட்டிய எடுத்துட்டுப் போயிட்டாளாம்."

"அதான் சொல்லிட்டாரே!"

"இருலா. மூணாவது வரி, அவரோட ஒரே நல்ல சட்டையும் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருந்திச்சாம்."

எங்கள் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடத்தில், அதைப் பெரட்டு என்போம், பெண்கள் சண்டை போடுவது இதே அமைப்புதான். குற்றத்தை ஒருமுறை சொல்வார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்த பிறகு இன்னொருமுறை சொல்வார்கள். மூன்றாவதாக வருவதுதான் அடி. அமெரிக்காவில் பஞ்சுக் காட்டில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் போருக்குப் பிறகு பட்டணத்துக்குப் போய் இந்த இசையைப் பெரிதாக்கினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஆனால் பாடியவர் எப்படிப்பட்ட ஆள் என்பதில் எங்களுக்குள் சச்சரவு இருந்தது. அறுபது வயதைத் தாண்டியவர் என்பது என் கணிப்பு. மனைவி ஓடிப்போனதில் நொந்துபோனவர், குரலே அதைச் சொல்கிறது என்பேன். நண்பர், இல்லை, தொண்டையில் நோய் என்பார். இரண்டு பேருக்குமே அவர்மேல் இரக்கம். இன்னொரு விஷயமும் நான் கவனித்தேன். மூன்றாவது பாட்டில் வலது கை ஒரு குறிப்பிட்ட கட்டையைத் தொடும்போதெல்லாம் சத்தம் வராது, மரம் மரத்தில் படுகிற டக் மட்டும் கேட்கும். அந்தப் பியானோவில் ஒரு கம்பி அறுந்திருக்கிறது. முதல் முறை டக். இரண்டாம் முறை டக். அதற்குப் பிறகு அவர் அந்தக் கட்டைக்குப் போவதே இல்லை. பக்கத்திலிருக்கும் இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்திச் சமாளிக்கிறார், அதுவும் முகம் சுளிக்காமல், பாடிக்கொண்டே. கெட்டுப்போன இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டத் தெரிந்த ஆளை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

நண்பர் கற்றுக்கொண்டுவிட்டார். திருமண வீடுகளில், ஓட்டல்களில், பிறகு பெரிய மேடைகளில் வாசித்தார். அந்த நிதானமான உருட்டல் ஈப்போ முழுக்கப் பேர் வாங்கியது. நான் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். அதில் எனக்குக் குறையில்லை.

நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பு ஒத்திகைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பழைய பட்டணத்தில் ஒரு மாடி. ஏற்பாடு செய்த பியானோ ஆசிரியை நம் தமிழ்ப் பெண்தான், பெரிய படிப்பு படித்தவர். இத்தனை வருடம் கழித்துப் பாடகரின் பெயரை அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த அறுந்த கம்பியைப் பற்றி நான் சொன்னதும் அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார்.

"அங்கிள், நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். அதைக் கவனிச்சதே இல்லையே!"

"காது பழகணும்மா."

"இருங்க, இப்பவே கேட்டுப் பாக்கலாம்" என்று தன் கைப்பேசியில் அந்தப் பதிவைப் போட்டார்.

துள்ளிக்கொண்டு வந்தது பாட்டு. அதே பியானோ, அதே சட்டை, அதே பெட்டி. ஆனால் குரல் வேறு. வேகம் வேறு.

"இது அவரு இல்லம்மா" என்றேன்.

"அவர்தான் அங்கிள். இதுதான் ஒரிஜினல்."

"அப்ப ஒங்க போன் ரோசாக், கெட்டுப்போச்சு. வேகமா ஓடுது."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கிட்டார் வாசிக்கும் தடித்த ஆள் ஒருவர், "போன் வேகமா ஓடாதுலா அங்கிள். நம்மதான் வயசாகி ஸ்லோ ஆயிட்டோம்" என்றார். என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்து நாற்பது வருடம் இருக்கும். நான் நண்பரைப் பார்த்தேன். அவர் பியானோக் கட்டைகளில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது ஆசிரியை அச்சாகி வந்திருந்த புத்தகத்தில் ஒன்றைக் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தேன். தட்டு வைக்கும் வட்டின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்குக் கோடு எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொன்னேன்.

"எத்தன வரணும்?"

"முப்பத்து மூணு. அதுக்கு மேல கொஞ்சம்."

எண்ணினாள். "இருபத்தெட்டு."

"சரியா எண்ணு."

"எனக்கென்ன, மூணு தடவகூட எண்ணுறேன்." எண்ணினாள். மூன்று தடவையும் இருபத்தெட்டு. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே, "அன்னைக்கே சொன்னேன், பொம்பளைக்கு ஆம்பளக் கொரலுன்னு. தட்டு நனைஞ்சிருச்சுன்னீங்க" என்றாள்.

என் புல்லி சின்னது. கண்ணளவு தப்பியிருக்கிறது, நகக்கண் அளவுக்கு. அது போதும், ஒரு மனிதரின் குரலை ஒன்றரைக் கட்டை கீழே தள்ள.

மறுநாள் காலையில் கணக்குப் போட்டு, கருவி வைத்து அளந்து, புதுப் புல்லி கடைந்தேன். மாட்டினேன். எண்ணினோம். சரியாக வந்தது. பிறகு, என் வாழ்நாளில் முதல்முறையாக, பன்னிரண்டண்ணனை அவர் பாடிய வேகத்தில் என் பெட்டியில் கேட்டேன்.

அவர் கிழவர் இல்லை. முப்பது வயது இருந்தால் அதிகம். நோயுமில்லை, நொடிந்துபோகவுமில்லை. பெட்டி போன பாட்டில் அவர் அழவில்லை, சிரித்துக்கொண்டே சொல்கிறார். ஒரே நல்ல சட்டை போய்விட்டதே என்று தன்னைத்தானே கேலி செய்கிறார். மூன்றாவது வரிக்கு முன்னால் ஒரு மூச்சு வரும். நாங்கள் இத்தனை வருடம் பெருமூச்சு என்று நினைத்தது, அது சிரிப்பை அடக்குகிற மூச்சு. ஒரு இளைஞனை உட்காரவைத்து நாற்பது வருடத்துக்கு மேல் கிழவனாக்கி, அவனுக்காக இரக்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு மறுபடி மறுபடி கேட்டேன். அந்த வேகத்திலும் இடது கை அசரவில்லை. என்னால்தான் நட்டை நகர்த்த முடியவில்லை, ஏழாவதிலேயே விட்டுவிட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாட்டு இந்த வேகத்தில் ஓடியிருந்தால் நானும் பன்னிரண்டைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன், பலகையில் விரல் வைத்திருந்த குமாஸ்தாவும் அந்த இடது கையைப் பிடித்திருக்க மாட்டார்.

அன்று சாயங்காலமே நண்பரைக் கோப்பிக்கடைக்கு வரச் சொன்னேன். இரண்டு புல்லிகளையும் மேசைமேல் வைத்தேன். சின்னது ஒன்று, சரியானது ஒன்று. அவர் சின்னதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"கண்டுபுடிச்சிட்டியா மச்சான்."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்லா. ரெண்டாம் வருசமே தெரியும். ஒரு ஓட்டல்ல வேற தட்டுல கேட்டேன்."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ சரி பண்ணிருவே" என்றார். "அப்பறம் நான் எப்படிப் படிக்கிறது? அந்த வேகத்துக்கு என் கை எங்க போவும்? நீ தொடாம இருக்கணுமேன்னு ஞாயித்துக்கெழம ஜெபமே பண்ணியிருக்கேன்."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். ஆனால் கோபத்தைவிட வேறொன்று முந்திக்கொண்டது. "அப்ப நீ வாசிக்கிற அந்த நிதானம், ஒன்றரைக் கட்டை எறக்கம், அது என் புல்லி" என்றேன்.

"ஒன் புல்லிதான்."

"பொஸ்தகத்துல ஒன் சொந்தச் சிந்தனைன்னு போட்டிருக்கான்."

அவர் கோப்பியைக் கலக்கினார், சீனி கரைந்த பிறகும். "அவங்க கேட்டாங்க, எப்படி வந்திச்சுன்னு. நான் என்ன சொல்றது? என் மச்சான் பெட்டிய தப்பா ரிப்பேர் பண்ணான்னா? ஈப்போவுல ஒன் கை வேலைக்கி ஒரு பேரு இருக்கு. ஒன் தப்ப நானே கொண்டுபோய் அச்சுல ஏத்தணுமா? அதான் யாருகிட்டயும் கத்துக்கலன்னு சொல்லிட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. என் மானத்தைக் காப்பாற்றத்தான் என் பெயரை விட்டிருக்கிறார். அன்று இரவு முழுக்க யோசித்தேன் என்று எழுதினால் பொய். மேசையை விட்டு எழுவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

"போடச் சொல்லு. தப்பாத்தான் கடைஞ்சேன்னு போடச் சொல்லு."

"சிரிப்பானுங்க மச்சான்."

"சிரிக்கட்டும்லா. பேரோட சிரிக்கட்டும்."

அவர் ஆசிரியையிடம் சொல்வதாகச் சொன்னார். சொல்லியும் இருக்கிறார். ஆனால் முதல் பதிப்பு அச்சாகி முடிந்திருந்தது. நிகழ்ச்சியன்று மேடையில் அவர் வாசித்தபோது ஆசிரியை எல்லாருக்கும் அந்த நிதானத்தை விளக்கினார். அசலில் இருந்த குறும்பை இவர் துயரமாக மாற்றியது ஆழ்ந்த சிந்தனையின் விளைவு என்றார். மக்கள் தலையாட்டினார்கள். நண்பர் என்னைத் தேடிப் பின்வரிசையைப் பார்த்தார். நான் எழுந்து நிற்கலாமா என்று பார்த்தேன். வீட்டுக்காரி சட்டையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள்.

நண்பரின் பெருமையில் ஒரு துளியும் எனக்கு வேண்டாம். விரல் அவருடையது, ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்ததும் அவர்தான். அந்தப் பெரிய கலைஞரின் பெருமையைத் தொட நான் யார்? அறுந்த கம்பியோடு அப்படி வாசித்தவர். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே நின்றவன் நான். அதை மட்டும்தான் கேட்கிறேன்.

ஆகவே புத்தகக் குழுவினருக்கு: பதினோராம் பக்கத்தில் "சொந்தச் சிந்தனை" என்று வரும் வாக்கியத்தையும் "யாரிடமும் கற்கவில்லை" என்பதையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இப்படிப் போடுங்கள்: "இந்த நிதானமும் இறங்கிய சுருதியும், ஈப்போவில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் பாட்டுப்பெட்டிக்குக் கண்ணளவில் கடைந்த புல்லி, அளவில் சிறியதாகப் போனதால் வந்தவை. முள்ளைத் தூக்கி வைத்ததும் அவரே." அதற்குப் பக்கத்தில் என் பெயரை முழுதாக, என் அப்பா பெயரையும் சேர்த்து, அடிக்குறிப்பில் இல்லாமல், மற்ற எழுத்துகளின் அதே அளவில் போட வேண்டும். எழுத்துக்கூட்டிச் சரிபார்க்க நானே அச்சகத்துக்கு வருகிறேன்.